மயில்கழுத்து வயர்

எங்கள் குடும்பத்தில் யாரும் கடையில் பை வாங்கியதில்லை. ஆச்சி இருக்கும்போது பை வாங்குவது, வீட்டுக் கிணற்றில் தண்ணீர் கிடக்க, பக்கத்து வீட்டில் போய்க் குடத்தை நீட்டுகிற மாதிரி. சந்தைக்கு ஒரு கூடை, கோயிலுக்கு ஒரு கூடை, ஆற்றுக்குத் துணி கொண்டுபோக ஒரு கூடை என்று எல்லாமே ஆச்சி பின்னிய வயர் கூடைகள். கல்யாண வீட்டில் எங்கள் ஆட்கள் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைக் காலடியில் இருக்கும் கூடையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

ஆச்சியின் வீடு சேரன்மகாதேவிக்கு மேற்கே ஆற்றங்கரை ஊர் ஒன்றில் இருந்தது. விடியும்போதே ஆற்றில் குளித்துவிட்டு ஈரச்சேலையோடு வருவாள். சமையல் முடிந்ததும் காலை நீட்டி உட்கார்ந்து வயரைக் கையில் எடுத்தால், டி.வி.யில் சீரியல்கள் ஒன்றுவிடாமல் முடிகிற வரைக்கும் பின்னுவாள். கண் டி.வி.யில் இருக்கும், விரல் தன்பாட்டுக்கு முடிச்சுப் போடும். சீரியலில் மாமியார் மருமகளை அடிக்கப் போனால் அன்றைக்குப் போட்ட முடிச்சுகள் மட்டும் கல் மாதிரி இறுகியிருக்கும். அந்த மாதிரிக் கூடை ஒன்று எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. ஒரு பக்கம் லேசாகக் கோணல்.

முழுப்பரீட்சை லீவுக்கு நான் அங்கே போயிருந்தேன். எனக்கு மொட்டை மாடியில் வத்தல் காவல். காக்கா வராத நேரத்தில் ஆற்றுக் குளியல், பதநீர், கட்டிலுக்கடியில் வைக்கோலில் பழுக்க வைத்திருந்த மாங்காய்களைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது. ராஜ வாழ்க்கை. அடுத்த வகுப்புக்குச் சாப்பாடு கொண்டுபோக எனக்கென்று ஒரு கூடை பின்னித் தருவதாக ஆச்சி வேறு சொல்லியிருந்தாள்.

அப்போதுதான் சித்தி வந்தாள். அம்மாவின் தங்கை. கல்யாணமாகித் தலைதீபாவளிகூட இன்னும் வரவில்லை. மத்தியான பஸ்ஸில் தனியாக இறங்கி, தோளில் புகுந்த வீட்டுச் சின்னப் பை ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தவள், நேரே பின்கட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். தேய்த்து வைத்த பாத்திரங்களையே மறுபடியும் தேய்த்தாள்.

ராத்திரி ஆச்சி என் அம்மாவிடம் போனில் பேசியதில் விஷயம் தெரிந்தது. சித்தி வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள். சித்தி சொதி வைத்திருக்கிறாள். தேங்காய்ப்பால் திரிந்துவிட்டது. “உங்கம்மா ஒனக்கு சொதி வைக்கக்கூடச் சொல்லித் தரலையா?” என்று சித்தப்பாவின் அக்கா அத்தனை பேர் முன்னாலும் கேட்டிருக்கிறாள். அதுகூடப் பரவாயில்லை. சித்தப்பா சிரித்துவிட்டார்.

“அவுக அக்கா சொன்னத விட்டுத்தள்ளு. இவுக சிரிச்சாகளாம். அதுதான் இவளுக்கு ஆறல” என்றாள் ஆச்சி. பிறகு குரலைத் தாழ்த்தி, “வந்ததுல இருந்து அழல பாத்துக்கோ. அழுதிருந்தா சரியாப் போயிருக்கும். அதான் எனக்குப் பயமா இருக்கு” என்றாள்.

சித்தப்பா டவுணில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவில் இருந்தார். நிறம் சொல்லுவதில் அவர் கெட்டிக்காரர். வெங்காயச் சருகு, அரக்கு, மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ என்று மளமளவென்று சொல்லுவார். ஒருதடவை அம்மா சோதித்துப் பார்க்க ரவிக்கைத் துணியின் ஓரத்திலிருந்து ஒற்றை நூலை உருவிக் காட்டினாள். துணியைப் பார்க்காமலே அது எந்தச் சேலைக்குச் சேரும் என்று சொல்லிவிட்டார். அவருக்குக் கடையில் புதன்கிழமை லீவு. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். எங்களுக்கு அந்தக் கோடை முழுக்கப் புதன் கிடைத்துக்கொண்டே இருந்தது.

முதல் புதனன்று அல்வாப் பொட்டலத்தோடு வந்தார். சித்தி கிணற்றடியை விட்டு வரவில்லை. ஆச்சி அவரை உட்காரவைத்துத் தலைவாழை இலை போட்டு, சொதியும் இஞ்சிப் பச்சடியுமாக விருந்து வைத்தாள். சொதியைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்.

கை கழுவிவிட்டு, “கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன் அத்தை” என்றார்.

“தாராளமாக் கூட்டிட்டுப் போங்க மாப்ள. ஆனா பிள்ளை வெறுங்கையோட வந்துட்டால்லா. பொறந்த வீட்டுல இருந்து போறவ வெறுங்கையோட போகப்பிடாது. ஒரு கூடை பின்னி, முறுக்கும் அதிரசமும் வச்சு அனுப்புதேன். இப்பந்தான் அடி போட்டிருக்கேன்.”

இந்த வழக்கம் உண்மைதான். எங்கள் பக்கத்தில் மகளை வெறுங்கையாக அனுப்பினால் ஊர் சிரிக்கும். ஆனால் பரண் நிறையக் கூடைகள் கிடந்தன. ஆச்சிக்கு மறந்துவிட்டது போல என்று நினைத்து, “பரண்ல நெறையக் கெடக்கே ஆச்சி” என்று எடுத்துக் கொடுத்தேன்.

“ஏட்டி, மாடியில வத்தலைக் காக்கா தூக்குது. ஓடு” என்றாள் ஆச்சி.

மாடியில் ஒரு காக்காயும் இல்லை. நான் இறங்கி வருவதற்குள் சித்தப்பா கிளம்பிக்கொண்டிருந்தார். ஆச்சி அவரிடம், “மயில்கழுத்துக் கலர்ல வயர் தீந்துட்டு. இங்கன கெடைக்காது. அடுத்த வாரம் டவுண்ல இருந்து ஒரு கட்டு வாங்கிட்டு வாங்க. அது வந்தாத்தான் மேல ஏத்த முடியும்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த புதன் வயர் வந்தது. நல்ல கிளிப்பச்சை.

“இது கிளிப்பச்சைல்லா மாப்ள?”

“அப்பிடியா அத்தை? கடைக்காரன் இதத்தான் மயில்கழுத்துன்னு குடுத்தான்.”

அன்றைக்கும் சொதி. சித்தி என் கையில் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்து அனுப்பினாள். அதற்கடுத்த புதன் அவர் கொண்டுவந்தது மைக்கறுப்பு மாதிரி ஒரு நீலம். ஆச்சி அதையும் விளக்கடியில் பிடித்துப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஆனால் அன்றைக்குச் சித்தியே வந்து பரிமாறினாள். அவர் போதும் என்று கையால் மறித்த பிறகும் சோற்றைக் கொட்டினாள். அவர் அத்தனையையும் சாப்பிட்டார்.

எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. சித்தியின் கூடை முடிந்தால்தான் என் கூடைக்கு அடி போட முடியும் என்று ஆச்சி சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடம் திறக்கிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு நிறத்தைப் பார்த்து வாங்கத் துப்பில்லாத மனிதரை நம்பி என் சாப்பாட்டுக் கூடை அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மறு புதன் கத்தரிப்பூ நிறம். சித்திக்குப் பொறுக்கவில்லை.

“ஊரு பொம்பளைங்களுக்கெல்லாம் நூலப் பாத்துக் கலர் சொல்லுதிய. ஒரு வயர் வாங்கத் தெரியல. கண்ணு அவிஞ்சா போச்சு?”

அவர் வந்து போன இத்தனை புதன்களில் அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தைகள் அவைதான். சித்தப்பா இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் அவர் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தார். திட்டு வாங்குகிறவர் சிரிக்கக்கூடாது என்பதுகூட இவருக்குத் தெரியவில்லையே, போன தடவையும் சிரித்துத்தானே மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் இரண்டு பேரும் கிணற்றடியில் நின்று நெடுநேரம் பேசினார்கள். பேசினார்கள் என்றால், சித்தி பேசினாள், அவர் தண்ணீர் இறைத்துக்கொண்டே கேட்டார். வீட்டில் இருந்த அண்டா குண்டா எல்லாம் நிறைந்துவிட்டன.

அதற்கடுத்த புதன்தான் நான் குடும்பத்துக்குப் பெரிய உபகாரம் செய்தேன். சாப்பாடு முடிந்து எல்லோரும் பட்டாசாலைக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கட்டிலுக்கடியில் நுழைந்து, பழுத்த மாங்காய் ஏதாவது சிக்குமா என்று வைக்கோலைத் துழாவிக்கொண்டிருந்தேன். வெளியே சித்தப்பா பையிலிருந்து அன்றைய வயரை எடுக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஆரஞ்சு. குருடனுக்குக்கூட அது மயில் இல்லை என்று தெரிந்திருக்கும்.

அதே நேரத்தில் வைக்கோலுக்குள் என் கையில் வழுவழுப்பாக ஏதோ அகப்பட்டது. இழுத்தேன். ஒரு கட்டு வயர். பிரிக்காத புதுக்கட்டு. நீலமும் பச்சையும் சேர்ந்து மினுங்கிய சுத்தமான மயில்கழுத்து.

“ஆச்சி! இங்கதான் கெடக்கு! மாங்காய்க்குள்ள கெடக்கு!”

தலையெல்லாம் வைக்கோலோடு கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வந்து, கட்டை உயர்த்திப் பிடித்தேன். எல்லோரும் துள்ளிக் குதிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் குதிக்கவில்லை. ஆச்சி, பின்னி முடிக்காத கூடையை மடியில் வைத்துக்கொண்டு முடிச்சை நிரடினாள். சித்தப்பா உத்தரத்தில் பல்லி இருக்கிறதா என்று பார்த்தார். கையில் அந்த ஆரஞ்சு வயர் அப்படியே இருந்தது.

சித்தி எழுந்து வந்து என் கையிலிருந்து கட்டை வாங்கினாள். வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு ஆச்சியைப் பார்த்தாள். பிறகு சித்தப்பாவை, அவர் கையிலிருந்த ஆரஞ்சை. ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் கண் நிறைந்து வழிந்தது. வந்த நாளிலிருந்து அழாதவள் அன்றைக்குத்தான் அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தெளிவாகச் சொன்னாள்:

“இது மயில்கழுத்து இல்ல.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சித்தி கட்டைச் சித்தப்பாவிடம் நீட்டினாள். “நீங்க சொல்லுங்க. ஒங்களுக்குத்தான கலர் தெரியும்.”

சித்தப்பா வயரைப் பட்டுத் துணியைப் போலக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்தார். வெளிச்சத்துக்கு ஒருமுறை, நிழலுக்கு ஒருமுறை கொண்டுபோனார். “மயில்கழுத்தே இல்ல. இதுக்குக் கடையில வேற பேரு. நான் அடுத்த வாரம் பாத்து வாங்கிட்டு வாறேன்” என்றார்.

“நான் அப்பமே நெனச்சேன்” என்றாள் ஆச்சி.

நான் காலை உதைத்து அழுதேன். மயிலைப் பார்க்காதவளா நான்? ஆற்றங்கரையில் தினமும் மேய்கிறதே! யாரும் என் பேச்சைக் கேட்கவில்லை. ஆச்சி அந்தக் கட்டை வாங்கி மறுபடியும் வைக்கோலுக்குள் திணித்துவிட்டு, அங்கே கிடந்ததிலேயே பெரிய மாம்பழமாகப் பார்த்து என் கையில் கொடுத்தாள். எங்கள் குடும்பத்தில் பெரியவர்கள் எல்லோருக்கும் கண் கோளாறு என்று முடிவு கட்டிக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடியே அதைத் தின்றேன். நல்ல பழம்.

அடுத்த புதன் சித்தியே சொதி வைத்தாள். ஆச்சி அடுப்படிப் பக்கமே போகவில்லை. முதல் பாலை ஊற்றி அடுப்பைச் சட்டென்று அணைக்க வேண்டும். சித்தி பஸ் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடியதில் சொதி கொதித்துத் திரிந்துவிட்டது. சித்தப்பா அதை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். அப்புறம் இலையை மடிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“அன்னைக்கு நான் சிரிச்சிருக்கப்பிடாது” என்றார். “அக்காட்டயும் சொல்லிட்டேன்.”

சித்தி இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள். பிறகு அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

“எம்மா, இருக்கிற கலர்லயே கூடைய முடிச்சிரு.”

ஆச்சி அந்த வாரம் சீரியல்கூடப் பார்க்கவில்லை. அடி வெள்ளை, அதற்கு மேல் கிளிப்பச்சை, மைநீலம், கத்தரிப்பூ, கைப்பிடி ஆரஞ்சு. எங்கள் குடும்பத்திலேயே அத்தனை அவலட்சணமான கூடை பிறந்ததில்லை. அதில் முறுக்கும் அதிரசமும் நிரப்பி, மேலே பழுத்த மாம்பழங்களை அடுக்கி, புதன்கிழமை மத்தியான பஸ்ஸுக்கு ஆச்சி மகளை அனுப்பினாள். கூடையின் ஒரு கைப்பிடியைச் சித்தியும் இன்னொன்றைச் சித்தப்பாவும் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்படியொன்றும் கனம் இல்லை. நானே தூக்கிப் பார்த்திருந்தேன். பஸ் போன பிறகும் ஆச்சி தெருமுனையில் நின்று, சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தாள். இந்த வெயில் ஆளைக் கொல்லுது என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கடியில் கையை விட்டு அந்தக் கட்டை எடுத்து, என் கூடைக்கு அடி போட உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“இது என்ன கலர் ஆச்சி?”

“மயில்கழுத்து.”

“அன்னைக்கு எல்லாரும் இல்லைன்னு சொன்னிய?”

ஆச்சி வயரை நீட்டி அளந்து வெட்டினாள். “அன்னைக்கு இல்லட்டி. இன்னைக்குத்தான்” என்றாள்.

யோசித்துப் பார்த்ததில் எனக்கு விஷயம் பிடிபட்டது. வைக்கோலுக்குள் கிடந்தால் மாங்காய் பழுத்து நிறம் மாறுகிறது. அத்தனை நாள் கூடவே கிடந்த வயர் மட்டும் எப்படி மாறாமல் இருக்கும்? பள்ளிக்கூடம் திறந்த அன்று, என் கூடையைத் தொட்டுப் பார்த்து எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டவர்களிடமெல்லாம், இது கடையில் கிடைக்காது, எங்கள் ஆச்சி வீட்டில் பழுத்தது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.