மலைப்பாதையில் நிற்காத கம்ப்யூட்டர்

போன மாதம் நான் ஓட்டிய பஸ் மலைப்பாதையில் உருண்டது. பஸ் நிறையப் பயணிகள். பதறாதீர்கள்… எல்லாம் செல்போன் விளையாட்டில்தான்.

தப்பு என்னுடையது இல்லை. வளைவில் சரியாகத்தான் திருப்பினேன். போன் அந்த நேரம் பார்த்து அப்படியே நின்றுவிட்டது. தோசைக்கல் மாதிரி சூடு வேறு. அது மறுபடி கண் விழித்தபோது பஸ் பள்ளத்தில் கிடந்தது. உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகிற பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டே வயதானவள் நான். இப்போதுதான் டிரைவர் சீட்டே கிடைத்திருக்கிறது. விட்டுவிடுவேனா?

வழி சொன்னவள் மருமகள் ரேவதி. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டு பூட்டுகிற வேலை அவளுக்கு. ஷிப்ட் முடிந்து வந்தால் அவளும் போனில் ஆடுவாள். அவளுடையது துப்பாக்கி விளையாட்டு.

"அத்த, இதெல்லாம் போன்ல ஓடாது. கேமிங் கம்ப்யூட்டர் வோணும். ரெடிமேடா வாங்கினா கட்டுப்படி ஆவாது. பார்ட் பார்ட்டா வாங்கினு வந்தா நானே பூட்டிடுவேன்."

கன்றுக்குட்டி விற்ற பணம் என்னிடம் இருந்தது. என் மகன் குமாருக்கும் அதன் மேல் ஒரு கண். வாஷிங் மெஷின் வேண்டுமாம். ஏன் தெரியுமா? எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பது அவன் முறை.

"இன்னாம்மா, மாமியாரும் மருமவளும் சேர்ந்துகினு பஸ் வுடப் போறீங்களா?"

"ஆமாண்டா. உனக்கு டிக்கெட் கெடையாது," என்றேன்.

கடைசியில் ஒரு ஒப்பந்தம். வாங்கலாம். ஆனால் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளும் ஒரு வாரத்துக்குள் மெஷின் ஒழுங்காக ஓட வேண்டும். ஓடாவிட்டால் எல்லாம் திரும்பப் போகும், வாஷிங் மெஷின் வரும். வீராப்பாகத் தலையாட்டிவிட்டேன்.

காஞ்சிபுரத்தில் ரஹீம் பாய் கடை. புதியது, பழையது இரண்டும் வைத்திருக்கிறார்.

"வா ஆயா. பேரனுக்கா?"

"எனக்குத்தான். ஆயான்னு கூப்புடறத மொதல்ல நிறுத்து நைனா."

பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு 'அம்மா' ஆனேன்.

முதலில் ஒரு பெட்டியைக் காட்டினார். கண்ணாடிக் கதவு. உள்ளே விளக்கு சிவப்பாகி, நீலமாகி, பச்சையாகி… பெருமாள் புறப்பாடு தோற்றது! ரேவதி கண் கொட்டாமல் பார்த்தாள். ஆசைதான் பாவம்.

"இந்த லைட்டால பஸ் வேகமாப் போவுமா பாய்?"

"போவாதுங்க. அழகுக்குத்தான்."

"அப்போ ஓரம் வை."

எனக்கு ஆங்கில எழுத்து தெரியாது. தமிழே எழுத்துக் கூட்டித்தான். இந்தப் பத்தியை எழுதி முடிக்க வாரம் பூராவும் ஆகிறது. ஆனால் நம்பர் தெரியும். கம்ப்யூட்டர் கடையில் பேரை விட நம்பர்தான் பெரிது பெரிதாக இருக்கிறது. எனக்கு அது மாமியார் வீட்டிலிருந்து அம்மா வீட்டுக்குப் போன மாதிரி இருந்தது.

பிராசசர் என்பது கணக்குப் போடுகிற சில்லு. போன வருஷத்து மாடலே போதும் என்றாள் ரேவதி. மெமரியை ஒன்றாக வாங்காமல் இரண்டு சின்னதாகப் போட்டால் வேகம் கூடுமாம். சரி. எஸ்.எம்.பி.எஸ். என்கிற கரண்ட் பெட்டியில் மட்டும் கஞ்சம் கூடாது என்று பிடிவாதம் பிடித்தாள். சாயங்காலம் வயல் மோட்டார்களெல்லாம் ஓடும்போது எங்கள் ஊர் பல்பு எப்படி அழும் என்று அவளுக்குத் தெரியும். அதற்கும் சரி. திரை? வீட்டு டிவியே திரை. இதைக் குமாரிடம் அப்போது சொல்லவில்லை.

மிச்சம் கிராபிக்ஸ் கார்டு. மலை, மரம், வளைவு எல்லாவற்றையும் திரையில் வரைந்து காட்டுவது இந்த அட்டைதான். இது சோம்பேறியாக இருந்தால் பஸ் மறுபடி பள்ளத்தில். புதுசு வாங்கக் கையில் இருந்தது பத்தாது. பாய் ஒரு பழைய கார்டை எடுத்தார். கருகிய வாடை வருகிறதா என்று மோந்து பார்த்தேன். விரலால் ஃபேனைச் சுற்றிவிட்டேன். தடங்கல் இல்லை.

"ஓட வெச்சிக் காட்டு பாய்."

"அம்மா, கடையில கூட்டம் கீது. இன்னா பேஜாரு பண்றீங்க?"

"கறந்து பாக்காம மாடு வாங்குவியா நீ?"

பாய் சிரித்துவிட்டார். ஓடவிட்டார். நானும் டீ குடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கார்டும் அசையவில்லை. ரேவதி என் கையைப் பிடித்து அழுத்தினாள். அது எங்கள் கார்டு ஆனது!

ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் கோரைப்பாய் விரித்தோம். இட்லித்தட்டின் குழிக்கு ஒரு வகையாக ஸ்குரூவைப் பிரித்து வைத்தேன். ரேவதி ஒவ்வொன்றாகப் பூட்டினாள். கம்பெனியில் பூட்டும்போது இவள் முகம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். பட்டனை என்னைத்தான் அழுத்தச் சொன்னாள். விர்ரென்று ஒரு சத்தம்… டிவியில் வெளிச்சம்! இரண்டு பேரும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் எழுந்துவிட்டது.

மறுநாள் ரேவதி ஷிப்டுக்குப் போனதும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். அம்புக்குறி பட்டன் நான்கு போதும். மலை ஏறினேன். மூன்றாவது வளைவு — பட்டென்று இருட்டு. மெஷினே அணைந்துவிட்டது. ஆறவிட்டுப் போட்டேன். மறுபடி அதே கதை. அடுத்த நாளும் அதே.

குமார் வாசலிலேயே நின்று ஆரம்பித்தான். "சொன்னேன் இல்ல? மோந்து பாத்து வாங்கின கார்டாச்சே! நான் போய் வாஷிங் மெஷின் வெல விசாரிச்சினு வரேன்."

கார்டைத் தேர்ந்தெடுத்தது நான். ரேவதியின் ஆசையையும் சேர்த்தல்லவா கவிழ்த்துவிட்டேன்? மூன்றாம் நாள், திருப்பிக் கொடுக்க அட்டைப்பெட்டிகளை எடுத்து வைத்திருந்தேன். இரண்டு நாளாக ஓவர்டைம் முடிந்து வந்து அப்படியே படுத்துவிட்ட ரேவதி அன்றுதான் மெஷினைப் பார்த்தாள்.

"அத்த, இது இன்னா?"

"கவரு. தூசி படாம இருக்க நாந்தான் தெச்சேன். பழைய பெட்ஷீட்ட ரெண்டா மடிச்சி."

"ஓடும்போது கயட்டிட்டீங்க இல்ல?"

"ஏன் கயட்டணும்? பட்டன் தெரியறதுக்கு ஓட்ட வுட்டு, சுத்தி லேஸ் கூட வெச்சிருக்கேன் பாரு."

ரேவதி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளோ என்று பயந்தேன். சிரிப்பு! "மூச்சு வுட எடம் இல்லாம வெந்துகினு இருந்திருக்கு அத்த. தாங்காம தானே ஆஃப் ஆயிருக்கு!"

நீங்கள் சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டு ரிமோட் பாலித்தீன் உறையை விட்டு வெளியே வந்ததுண்டா? மிக்சிக்குப் பாவாடை, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு உறை, சோபாவுக்குக் கடையில் போட்ட பிளாஸ்டிக்… நம் வீடுகளில் எந்தப் புதுப்பொருள் ஒழுங்காக மூச்சு விட்டிருக்கிறது, சொல்லுங்கள்?

கவரைக் கழற்றினோம். மலை ஏறினேன். மூன்றாவது வளைவு போனது. உச்சி வந்தது. இறங்கினேன்… ஒரு நடுக்கம் இல்லை, ஒரு நிற்றல் இல்லை. பின்னால் நின்று ரேவதி விசில் அடித்தாள், கண்டக்டராம்!

கெடு முடிகிற ஞாயிற்றுக்கிழமை வரை மெஷின் ஒரு தடவை கூட அணையவில்லை. அன்று காலை குமார் மெல்ல வந்து என் பின்னால் நின்றான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

"எம்மா… ஒரே ஒரு வாட்டி நான் ஓட்டட்டா?"

"துணி ஊறிக்கினு கீது நைனா. அலசிப் போட்டுட்டு வா."