வீடுகளின் முதுகு

தபால்காரம்மாவுக்கு ஊரின் வாசல்கள் எல்லாம் அத்துப்படி. விடுமுறை நாளில் கடலோரப் பாதையில் சைக்கிளை ஆற அமர மிதித்து, வீடுகளின் பின்பக்கங்களை வேடிக்கை பார்ப்பாள்.

“நீங்களும் வாங்களேன்” என்றால், “முட்டி வலிக்குது, நீ போ” என்பார் கணவர். கல்யாணமானதிலிருந்து இதே பாட்டுதான்.

வாசலில் சிடுசிடுக்கும் வக்கீல், கொல்லையில் கோழியைக் கொஞ்சிக்கொண்டிருந்தார். அடடா! அப்படியானால் நம் வீட்டு முதுகு எப்படி இருக்கும்? எட்டிப் பார்த்தாள்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையின் குட்டிச் சைக்கிளில் உட்கார்ந்து, சுவரைப் பிடித்தபடி தத்தளித்துக்கொண்டிருந்தார் கணவர். மனுஷனுக்கு ஓட்டவே தெரியாதா!

சத்தமில்லாமல் நழுவி, தெருமுனையிலிருந்தே மணியடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவர் நொண்டிக்கொண்டே கதவைத் திறந்தார்.

“முட்டி எப்படிங்க இருக்கு?”

“இப்போ நிஜமாவே வலிக்குது.”