ஏனோக்கின் அழுகண்ணித் தொட்டி

ஏனோக்குக்கு மூக்கு நுனியில் கோபம். தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய ஸ்கெலட்டன் லைன் வீடுகளில் அவன் குரல் கேட்காத காது கிடையாது. தினமும் ரயிலேறி பெங்களூர் செடி நர்சரி ஒன்றுக்கு வேலைக்குப் போகிறவன், ஐம்பத்திரண்டு வயதில் பூச்சி தின்னும் செடிகள்மேல் பைத்தியமானான்.

நீல டிரம் ஒன்றைக் குறுக்கே அறுத்து வாசலில் புதைத்தான். எப்போதும் சதசதவென்று இருக்கவேண்டுமென்று விளிம்புக்கு நாலு விரல் கீழேதான் துளை. எரு ஆகாது, குழாயில் வரும் உப்புத் தண்ணீர் ஆகவே ஆகாது என்று கூரைத் தகரத்தில் வழிந்த மழைநீரைப் பிடித்து வைத்தான். மணலோடு கலக்க நர்சரியிலிருந்து காய்ந்த பாசி வந்தது. மணலுக்கு மட்டும் அவன் அலையவில்லை. தங்கம் எடுத்தபின் கொட்டிய கழிவுமண், சயனைட் டம்ப், பக்கத்திலேயே மலையாக நிற்கிறது. மாவு மாதிரி மண், ஓசியில். இரண்டு மூட்டை அள்ளிவந்தான்.

இலையில் பசைத்துளி சுரந்து பூச்சி பிடிக்கும் அழுகண்ணிச் செடிகள் பன்னிரண்டு நட்டான். மூன்றே வாரத்தில் எல்லாம் கருகின.

"குழாத் தண்ணிய ஊத்திக் கொன்னுட்டியேடி!" என்று மனைவி ஜூடித்தின்மேல் பாய்ந்தான். அவள் "இல்லீங்க" என்றாள். அதற்குமேல் அவன் பேசவிடவில்லை. தெருக்குழாயில் குடத்தோடு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இந்த மனுஷனுக்கு வாய் மட்டும் இல்லையென்றால் நல்லவன் என்றுகூடச் சொல்லலாம்.

ஜூடித் அவனோடு பேசுவதை நிறுத்தினாள். சோறு மட்டும் போட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தவன் கொல்லைப்பக்கம் போனான். விரிசல் விட்ட பேசினில் ஓர் அழுகண்ணி சிவந்து, பிசுபிசுவென்று, கொசுவைப் பிடித்தபடி நின்றது.

"இன்னா தண்ணி ஊத்துன?" என்று பின்னால் வந்த ஜூடித்தைக் கேட்டான். இத்தனை நாள் பேசாதவள் வாய்திறந்தாள்.

"அதே மழைத்தண்ணிதான். செத்ததுல ஒண்ணு லேசா உயிரோட இருந்துச்சு."

"மண்ணு?"

"சர்ச்சு காம்பவுண்டு கட்டி மீந்த ஆத்து மணலு, கழுவிப் போட்டேன். டம்ப்பு மண்ணுல புல்லே ஒழுங்கா மொளைக்காது. அதுல போயி இத நட்டீங்களே."

பிறந்ததிலிருந்து பார்க்கிற மொட்டை மேடு. ஏனோக்குக்குத் தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

"அப்பவே சொல்றதுக்கு இன்னாடி?"

"சொல்ல வுட்டீங்களா?"

அவன் மெதுவாக, "தப்பு என்னுதுதான்" என்றான்.

"இங்க எங்கிட்ட சொல்லாதீங்க. அன்னிக்கி நீங்க திட்டுனது லைனுக்கே கேட்டுச்சு. குழாயில இப்பவும் ஆளுங்க நிக்கிறாங்க, போங்க."

ஏனோக் செருப்பை மாட்டிக்கொண்டு குழாயை நோக்கி நடந்தான்.