நெல் தீர்ந்தால் எத்தனை ஆட்டம்

தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுப்பதற்கு முந்தின வருடம், ரேஷன் மாவு குறைந்துபோன வருடம், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் எங்கள் லயத்தில், வேலைக்குப் போகிற நாங்கள் மூன்று பேர் ஒரு ராஜா விளையாட்டு உண்டாக்கினோம். இன்று ஹட்டன் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் போனில் அதே மாதிரி ஒன்று ஆடினார்.

"நெல்லு தீர்ந்தா என்ன செய்வீங்க, தம்பி?"

"விளம்பரம் பார்த்தா குடுப்பாங்க, ஐயா."

நாங்கள் தரையில் கரியால் மூன்று ராஜ்ஜியம் கீறினோம். தேயிலை விதைதான் நெல். ஒருவனிடம் நெல், ஒருவனிடம் உப்பு, ஒருவனிடம் இரும்பு. மாற்றிக்கொள்ளலாம், ஆனால் வழியில் ஒரு தடை இருக்கும். அப்போது ரோட்டில் அரிசிக்கு அப்படித்தான் தடை போட்டிருந்தார்கள்.

நெல் தீர்ந்தால் குடிமக்கள் எத்தனை ஆட்டம் தாங்குவார்கள் என்பதில்தான் சண்டை.

"மூணு. அதுக்கு மேல செத்துருவாங்க," என்றான் மாரிமுத்து.

"ஏன்டா, நம்ம வீட்டுல சோறு பொங்கி எத்தன நாளாச்சு? செத்தா போயிட்டோம்?" என்று செபமாலை சிரித்தான். நானும் சிரித்தேன். பத்து என்று வைத்தோம்.

அந்த வாரம் மாரிமுத்துவின் கைப்பிள்ளை பசியில் போனது. புதைத்த மறுநாள், வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் எங்களோடு நின்று வேலைக்குப் பேர் கொடுத்தான். சாயந்திரம் வந்து கரிக்கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மூணுன்னே வைங்கடா."

வைத்தோம். ஆட்டம் தொடர்ந்தது.

மஸ்கெலியாப் பக்கம் போகிறவர்கள் யாராவது இதை அங்கே இருக்கும் மாரிமுத்துவுக்கு வாசித்துக் காட்டுவீர்களா? நான் சொல்லச் சொல்ல இதை வேறொருவர்தான் எழுதினார்; என்னைப் போல அவனுக்கும் எழுத்து தெரியாது. செபமாலை போய்ச் சேர்ந்துவிட்டான். அந்த ஆட்டம் தெரிந்தவன் என்னைத் தவிர இனி மாரிமுத்து மட்டும்தான்.