கொதித்த லாரியும் கருப்பன் சொன்ன பதிலும்

போன வைகாசியில் எங்கள் லாரியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவது என்று என் மகன் செல்வம் முடிவு பண்ணிவிட்டான். சோறு தின்றுகொண்டே அதைச் சொன்னான். நான் தட்டைக் கழுவி வைத்தேன்.

கருப்பனைக் கும்பிடுகிற நம் ஆட்களுக்கு இதைச் சொல்கிறேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்ல வரும்.

நாங்கள் அடுத்தவர் வயலில் களை எடுத்துப் பிழைத்த குடும்பம். எங்கள் பேருக்கு முதன்முதலாக வந்த சொத்து அந்த லாரிதான். வாங்கும்போதே பழைய டீசல் வண்டி. ஒத்தக்கடைப் பக்கம் வீடு கட்டுகிற இடங்களுக்குச் செங்கல் ஏற்றியே பத்து வருசம் எங்களுக்குச் சோறு போட்டது. அது போனால் செல்வம் இன்னொருவர் வண்டிக்கு டிரைவராகப் போக வேண்டும். அடுத்தவர் வாசலில் போய் நிற்கிற பிழைப்பு என்னோடு போகட்டும் என்று நினைத்திருந்தேன்.

தை மாதம் கருப்பனுக்கு ஒரு தகரப் பலகை எழுதி வாங்கினேன். குதிரை மேலே, கையில் அரிவாளோடு இருப்பான். லாரி முகப்பு முழுவதையும் அடைக்கிற அளவு. ஊரே பார்க்கட்டும் என்று நான்தான் அளவு சொன்னேன். காப்புக் கட்டி, பூசை போட்டு, முன்னால் வைத்து நட்டுப் போட்டு முடுக்கினோம். சாமியை யாரும் தொடக்கூடாது என்றும் சொல்லிவிட்டேன்.

பங்குனியில் வெயில் ஏறியது. லோடு ஏற்றிக் கொஞ்ச தூரம் போனாலே வண்டி கொதித்தது. மெக்கானிக் பாண்டி ரேடியேட்டரை மேல்வழியாகத் தூக்கி அடைப்பு எடுத்தார். பெல்ட் மாற்றினார். தண்ணீர் பம்பு மாற்றினார். எதற்கும் அடங்கவில்லை. "இன்னும் ரெண்டு தடவ இப்படிக் கொதிச்சா எஞ்சின் புடிச்சுக்கிரும்மா. அப்புறம் வண்டி பொணந்தான்" என்றார். அதற்குப் பிறகுதான் செல்வம் விற்கிற பேச்சை எடுத்தான்.

அந்த வாரமே பேரையூருக்கு ஒரு லோடு கிடைத்தது. நம் கோயில் அந்தப் பக்கம்தான். "நானும் வாரேன். விக்கிறதுனாலும் சாமிகிட்டச் சொல்லிட்டு வித்துக்க" என்று ஏறி உட்கார்ந்தேன்.

திருமங்கலம் தாண்டியதும் சூடு காட்டுகிற முள் சிவப்புக்கு ஏறியது. செல்வம் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தான். உச்சி வெயில். கண்ணுக்கெட்டின தூரம் ஒரு மரம் இல்லை. "கோயிலுக்குக் கூடப் போய்ச் சேராது போல ஆத்தா. இங்கனயே கும்பிட்டுக்க" என்றான்.

இறங்கிப் பலகைக்கு எதிரே நின்றேன். அழவில்லை. "கருப்பா, வண்டிய வச்சுக்கிறதா விடுறதா, நீயே சொல்லு" என்று கேட்டேன். சூடம் ஏற்றப் போனால் எதிர்க்காற்று புழுதியோடு அடிக்கிறது. மூன்று தீக்குச்சி அணைந்துவிட்டது. நாலாவது குச்சியைப் பலகைக்கும் வண்டிக்கும் நடுவில் உள்ள சந்துக்குள் கையை விட்டு உரசினேன். சுடர் ஆடாமல் நின்றது. வெளியே என் முந்தானை படபடக்கிறது. உள்ளே குச்சி விரலைச் சுடும்வரை நிதானமாக எரிகிறது.

அம்மாம் பெரிய காற்றில் ஒரு துளியும் அங்கே நுழையவில்லை. ரேடியேட்டர் இருப்பதோ அதற்கு நேர் பின்னால்.

"செல்வம், சாமியக் கழட்டுடா" என்றேன்.

அவன் அசையவில்லை. "வெயில்ல கிறுகிறுன்னு வருதா ஆத்தா?"

"காத்துப் போகாம வண்டி எப்படிடா ஆறும்? கழட்டு. நான் உத்தரவு கேட்டுட்டேன்."

ஸ்பானரோடு ஓடி வந்தான். முதல் நட்டு கழன்ற பிறகு மெதுவாகச் சொன்னான். "பலகதான் காத்த அடைக்குதுன்னு பாண்டியண்ணே பங்குனியிலயே சொன்னாரு ஆத்தா."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீ சொல்லுடாங்கிறாரு அவரு. நீங்க சொல்லுங்கண்ணேன்னேன் நானு. அம்புட்டு ஏச்சையும் யாரு வாங்குறது?"

செல்வம் மிச்ச நட்டுகளையும் கழற்றினான். பலகையை ஓட்டுநர் அறையின் கூரைமேல் ஏற்றிக் கயிற்றால் கட்டினான். வண்டி ஆறும்வரை காத்திருந்து தண்ணீர் ஊற்றினோம். பேரையூர்வரை முழு லோடு, எதிர் வெயில். முள் பாதியைத் தாண்டவில்லை. கோயிலில் தேங்காய் உடைத்து, கருப்பா, உன்னைக் கொண்டுபோய் அனல் முன்னால் நிறுத்தியது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

மறுவாரம் இரும்பு வாங்குகிறவர் வண்டியைப் பார்க்க வந்தார். மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இப்போது எதுவானாலும் என்னிடம் சொல்லுங்கள் என்று பாண்டியிடமும் செல்வத்திடமும் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது இன்னமும் கோபம் வருகிறது. அவர்கள் சொல்லி முடிக்கிறவரை வாயை மூடிக்கொள்கிறேன். அது எனக்குப் பெரிய வேலை.

வழி தெரியாமல் நிற்கிறவர்கள் கருப்பனிடம் கேளுங்கள். கட்டாயம் சொல்வான். தப்பு நம் பக்கம் இருந்தால் அதையும் சேர்த்தேதான் சொல்வான். மானம் பார்க்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.