பாதித் தோட்டம் ஆடியில், மீதித் தோட்டம் ஆவணியில்

முடி வெட்டுகிறவர் வெட்டி முடித்ததும் கண்ணாடியைக் காட்டிவிடலாம். திராட்சைக் கொடி வெட்டுகிறவனுக்கு நாலு மாதம் கழித்துத்தான் கண்ணாடி.

கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்து வெட்டும் செட் ஒன்று வைத்திருந்தேன். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே பந்தலாகப் படர்ந்திருக்கும் கொடியை அண்ணாந்து பார்த்தபடியே வெட்ட வேண்டும். வெட்டினால்தான் துளிர் வரும், துளிர் வந்தால்தான் பூ, பூ நின்றால்தான் பழம். இதில் வெட்டுவது மட்டும்தான் நம் கையில். மற்றதெல்லாம் வானத்தின் கையில். ஆனால் பழம் இல்லையென்றால் வானத்தை யாரும் கூப்பிட்டுக் கேட்பதில்லை. அடுத்தவன் செய்த கோளாறுக்குப் பதில் சொல்லியே காலம் தள்ளுகிற தொழில்காரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மழையின் விலாசம்

எழுபதுகளில் ஒரு சமயம் மழைக்குப் புத்தி கெட்டுப்போனது. அதுவரை ஒரு ஒழுங்கு இருந்தது. ஆவணி பிறந்ததும் ஊரே கவாத்து வெட்டும். புரட்டாசியில் பூ. ஐப்பசியில் மழை வரும்போது பூவெல்லாம் பிஞ்சாகியிருக்கும். மழை பெய்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. அந்த மழை திடீரென்று புரட்டாசியிலேயே வர ஆரம்பித்தது. பூத்து நிற்கிற கொத்து நனைந்தால் தொட்டவுடன் பொலபொலவென்று கொட்டிவிடும். இரண்டு வருஷம் அடுத்தடுத்து அப்படியே ஆயிற்று.

இரண்டாவது வருஷம் உத்தமபாளையத்து ராவுத்தர் என் வீட்டுக்கே வந்துவிட்டார். உத்தமபாளையத்தில் கடை, சுருளிப்பட்டி ரோட்டோரம் தோட்டம் என்று வசதியான மனிதர். வாசலில் புல்லட்டை நிறுத்திவிட்டு ஊர் கேட்கத் திட்டினார். நான் பொறுமையாக, "ராவுத்தரே, நான் வெட்டினது சரியாத்தான் வெட்டினேன். மழையில்ல பூவைக் கொட்டுச்சு" என்றேன். அவர் சொன்னார்:

"மழை வீடு எனக்குத் தெரியாதுப்பா. ஒன் வீடு தெரியும். அதான் இங்கன வந்தேன்."

சாப்பிடப் போன ஆள்

ராவுத்தர் தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டம் செல்லத்தாயி அக்காவுடையது. வீட்டுக்காரர் லாரியில் போகிறவர். தோட்டம் முழுக்க அக்காவின் பாடு. இரண்டு வருஷமும் பூ கொட்டியதில் மனம் வெறுத்துப்போய், "இந்த வருசமும் போச்சுன்னா தூணைப் புடுங்கிப்புட்டு வாழை வைக்கப் போறேன் தம்பி" என்றார். அந்தப் பந்தலுக்குக் கொடி ஏற்றிவிட்டதே நான்தான். ஒவ்வொரு கொடியும் எந்தத் தூணில் ஏறி எந்தப் பக்கம் திரும்பியது என்பது எனக்குத் தெரியும்.

அன்றைக்கு யோசித்துச் சொன்னதுதான் பாதி வெட்டு. தோட்டத்தில் பாதியை ஆடி முதல் வாரத்திலேயே வெட்டுவது, மீதியை வழக்கம்போல் ஆவணியில். மழை முந்தினால் முதல் பாதி தப்பிக்கும். பிந்தினால் இரண்டாவது பாதி தப்பிக்கும். எங்கள் செட்டில் மூத்தவரான மாயாண்டி அண்ணன் கத்திரியைக் கீழே போட்டுவிட்டார். "ஆடிக் காத்துல துளிரு நிக்குமாடா? ஊருல ஒரு பய ஆடியில வெட்டிப் பாத்திருக்கியா?" என்றார். அக்காதான் பதில் சொன்னார்: "ஆவணியில வெட்டித் தொலைச்சாச்சுண்ணே. ஆடியில வெட்டித் தொலைச்சா மட்டும் என்ன? வெட்டுங்க."

வெட்டினோம். கிழக்கே இலை அடர்ந்த பந்தல், மேற்கே வெறும் குச்சியும் கம்பியும். கல்தூண்களெல்லாம் நடுவில் கோடு கிழித்த மாதிரி நின்றன. ராவுத்தர் புல்லட்டை நிறுத்தி, இறங்காமலேயே கேட்டார்:

"வெட்டுன ஆளு பாதியில சாப்புடப் போயிட்டாகளோ?"

ஆடிக் காற்று

மாயாண்டி அண்ணன் சொன்னது தப்பில்லை. ஆடி மாசத்தில் மேற்கு மலைக் கணவாய்களிலிருந்து இறங்கும் காற்று எங்கள் பக்கத்தில் சைக்கிளையே பின்னால் தள்ளும். விரல் நீளம் துளிர் வந்ததுதான் தாமதம், மேற்கு ஓரத்து வரிசையில் முறிந்து தொங்க ஆரம்பித்தது. அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் சோறு இறங்கவில்லை.

தென்னங்கிடுகு வாங்கி மேற்கு எல்லை நெடுக மறைப்புக் கட்டினோம். பாதித் தூரத்தில் கிடுகு தீர்ந்துபோனது. அக்கா வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது தலையில் ஒரு மூட்டை. சாக்கு, போர்வை, கட்டிக் கிழிந்த சேலைகள், ஒன்றிரண்டு கிழியாத சேலைகளும் இருந்தன. தூணுக்குத் தூண் இழுத்துக் கட்டினோம். துளிரையெல்லாம் வாழைநாரால் கம்பியோடு சேர்த்துக் கட்டினோம். சேலை படபடவென்று அடித்தது. உள்ளே துளிர் அசையாமல் நின்றது. நானும் அண்ணனும் எங்கள் வேலையை நாங்களே மெச்சிக்கொண்டு நின்றபோது புல்லட் சத்தம் கேட்டது. ராவுத்தர்தான்.

"ஏம்மா செல்லத்தாயி, இந்த வருசம் திராட்சை இல்லையா? சேலைதான் வெள்ளாமையா?"

அழுவதா சிரிப்பதா

புரட்டாசி நடுவில் மழை பிடித்தது. விட்டு விட்டு, ஆனால் விடாத மழை. எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மழை கொஞ்சம் வெறித்ததும் சேற்றில் விழுந்து எழுந்து தோட்டத்துக்கு ஓடினேன். ஆவணியில் வெட்டிய பாதியில் கொத்தைத் தொட்டேன். பூ கையோடு வந்தது. காம்பு மட்டும் மிஞ்சியது. ராவுத்தர் தோட்டத்திலும் அதே கதைதான்.

கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டுக்கொண்டே மேற்குப் பக்கம் போனேன். பந்தலுக்குக் கீழே பச்சைப் பிஞ்சு, கொத்துக் கொத்தாக, சொட்டச் சொட்ட நனைந்து நின்றது. உலுக்கிப் பார்த்தேன். ஒன்றுகூட விழவில்லை. அன்றைக்கே மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து, இலையில் அடிச்சாம்பல் நோய் ஏறுவதற்குள் மருந்து அடித்தோம். மாயாண்டி அண்ணன் தலை முதல் கால் வரை நீலமாக நின்றுகொண்டு, "நான் அப்பவே சொன்னேன்ல, நிக்கும்னு" என்றார். அக்கா பந்தலின் நடுக்கோட்டில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இதுக்கு அழுவணும், அதுக்குச் சிரிக்கணும். இருக்குற ஒரு மொகத்துல எதத் தம்பி செய்யிறது?"

கிறிஸ்துமஸ் வைன்

கார்த்திகை பிறந்தபோது பழம் கறுத்துவிட்டது. ஐப்பசியில் வானம் வெளிவாங்கியிருந்தது எங்கள் அதிர்ஷ்டம். அதையும் என் திறமைக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன். சரியாக அந்தச் சமயத்தில் குமுளியிலிருந்து வர்கீஸ் வந்தார். அவர் பழ வியாபாரி. மலைக்கு அந்தப் பக்கம் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வீடு வைன் போடுவார்கள். பழத்தைச் சாடியில் ஊறப்போட ஒரு மாதம் முன்னாலேயே வாங்கியாக வேண்டும். பள்ளத்தாக்கு முழுக்கச் சுற்றியிருக்கிறார், எங்கும் பழம் இல்லை. யாரோ, "சேலை கட்டின தோட்டத்துல இருக்கு" என்று கையைக் காட்டி விட்டிருக்கிறார்கள்.

அக்கா தோட்டத்துப் பழம் மொத்தமும் கூடை கூடையாக மலையேறியது. அந்தப் பழம் வர்கீஸ் எத்தனையோ தோட்டத்தில் வாங்கிய பழத்தைவிட உசத்தி என்று அவர் வாயால் கேட்க ஆசைப்பட்டு, ஒரு கொத்தை நானே அறுத்து நீட்டினேன். நிதானமாகத் தின்றார். கொட்டையைத் துப்பினார்.

"மதுரம் கொஞ்சம் குறைவாணு. பரவாயில்ல, வைனில் பஞ்சார, அதான் சீனி, கூடப் போட்டாப் போதும்."

மறுபடியும் புல்லட்

மறு ஆடியில் என்னைத் தேடி வராத தோட்டக்காரர் இல்லை. கடையில் கிடுகு தட்டுப்பாடு. பல வீடுகளில் பெண்கள் சேலையை ஒளித்து வைத்ததாகக் கேள்வி. ராவுத்தர் வந்து, "பாதி என்னய்யா பாதி, முழுத் தோட்டத்தையும் ஆடியிலயே வெட்டு" என்றார். "மழை இந்த வருசம் எப்ப வரும்னு நமக்குத் தெரியாதே. அதுக்குத்தான் பாதி" என்றேன். அவர் கேட்கவில்லை. வேறு செட்டை வைத்து முழுசும் வெட்டிவிட்டார்.

அந்த வருஷம் பார்த்து மழை பழைய ஒழுங்குக்குத் திரும்பியது. ஐப்பசிக் கடைசியில் கொட்டித் தீர்த்தது. ஆடியில் வெட்டிய கொடிகளின் பழமெல்லாம் பழுக்கிற நேரத்தில் தண்ணீர் குடித்து வெடித்துப்போனது. அக்காவுக்கும் அந்தப் பாதி போனது. ஆனால் ஆவணிப் பாதி பிஞ்சாக இருந்து பிழைத்தது. மார்கழியில் அறுத்தபோது கொத்துகள் இரண்டு கையாலும் ஏந்துகிற கனம். தூணைப் பிடுங்குவேன் என்ற அக்கா, பக்கத்துத் துண்டு நிலத்திலும் கல்தூண் நட்டார். கொடி ஏற்ற என்னைத்தான் கூப்பிட்டார்.

தை மாதம் என் வாசலில் புல்லட் நின்றது. நான் உள்ளேயே இருந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். ராவுத்தர் வந்து உட்கார்ந்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"ஒன்னத் திட்ட வரலப்பா. மழைய நானே திட்டிக்கிறேன். நீ வந்து பாதி வெட்டு."

முழு வேலை செய்து பேர் வாங்கினவர்கள் ஊரில் நிறைய இருக்கலாம். பாதி வேலையைச் செய்துவிட்டுத் தலை நிமிர்ந்து நடந்தவன், கவாத்து வெட்டி வெட்டிக் கழுத்து பின்னால் மடிந்துபோனதும் ஒரு காரணம் என்றாலும், இந்தப் பள்ளத்தாக்கில் நான் ஒருத்தன்தான்.