ஆற்றைப் பார்த்த அறை

முன் ஆசனத்தில் இருக்கும் பிளாஸ்டிக் இதயத்துக்கு ஆசனப்பட்டியை மாட்டிவிட்டுத்தான் செல்வமலர் காரைக் கிளப்புவார். நிஜ இதயத்தைவிட மூன்று மடங்கு பெரிய மாதிரி அது. நீலமும் சிவப்பும் பூசியது. கட்டாமல் விட்டால் வளைவுகளில் உருண்டு கதவில் மோதும். வால்வு ஒன்று ஒருமுறை அப்படித்தான் கழன்றது. பசை போட்டு ஒட்டிய அடையாளம் இன்னும் தெரிகிறது. "இவரைக் கட்டி வச்சால்தான் நான் நிம்மதியா ஓடலாம்" என்பார். பின் ஆசனத்தில் துணி போர்த்திய சிறுநீரகம் ஒன்றும் நுரையீரல் ஒரு சோடியும். டிக்கியில் விடைத்தாள் பெட்டிகள், ஒரு கம்பளிச் சட்டை, விரிவுரையாளர் தொழிற்சங்கத்தின் துண்டுப்பிரசுரக் கட்டு, இடியப்பம் வைத்த டப்பா.

பரமட்டாவில் ஆற்றை ஒட்டிய ஒரு கல்லூரியில் தாதியர் பயிற்சி மாணவர்களுக்கு அவர் உடற்றொழிலியல் கற்பிக்கிறார். சம்பளம் மணிக்கணக்கில். வகுப்பில் நிற்கும் நேரத்துக்கு மட்டும் கூலி உண்டு. பாடம் தயாரிப்பதும், விடைத்தாள் திருத்துவதும், அழுதுகொண்டு வரும் பிள்ளையைத் தேற்றி அனுப்புவதும் அந்தக் கணக்கில் சேராதவை. பருவம் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும். அடுத்த பருவத்துக்கு அழைக்கும் மின்னஞ்சல் வகுப்புத் தொடங்க நாலைந்து நாள் இருக்கும்போது வரும். சிலருக்கு வராமலும் போகும். இப்படி இருப்பவர்கள் அந்தக் கல்லூரியில் பாதிக்கு மேல். அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு நீள மேசை. முந்தி வருபவருக்குக் கதிரை. பிந்தி வருபவருக்குச் சுவர்.

அதனால் செல்வமலரின் அலுவலகம் கார்தான். ஆற்றோரத்துக் கார்த் தரிப்பிடத்தில் நிற்கும் அந்தப் பழைய வெள்ளைக் காரை மாணவர்களுக்கு நன்றாகத் தெரியும். சந்தேகம் கேட்க வருபவன் கண்ணாடியில் தட்டுவான். "ஏறும், ஏறும், வெளியில குளிர். இதயத்தைத் தூக்கி மடியில வச்சுக்கொண்டு இரும்" என்று கதவைத் திறந்துவிடுவார். இரத்தம் எந்த வழியாக உள்ளே வந்து எந்த வழியாக வெளியே போகிறது என்று, அவன் மடியிலிருக்கும் இதயத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டுவார். கண்ணாடியில் மூச்சு படிந்து ஆறு மறைந்துபோகும். அந்த வெண்மையிலேயே விரலால் படம் போட்டு முடிப்பார்.

சொல்லிக்கொண்டே இருக்கும்போது எங்கோ போய்விடுவது அவருடைய சுபாவம். பேச்சு நடுவில் நிற்கும். கண்கள் எதிரே இருப்பவரைத் தாண்டி எதையோ பார்க்கும். "மலர் அக்கா டேக் ஆஃப் ஆயிட்டாங்க" என்பார் சேகர். கணினிப் பாடம் எடுக்கும் அவர் திருநெல்வேலிக்காரர். செல்வமலரைப் போலவே மணிக்கூலி. கிரவீனில் இருக்கும் வீட்டிலிருந்து வரும் வழியில், மேய்ஸ் ஹில் முருகன் கோயிலை அண்டிய சிக்னலில் சிவப்பு விழுந்தால் செல்வமலருக்கு ஒரு வேலை இருக்கிறது. அங்கே நிற்கும் நேரத்தில் மனதுக்குள் ஒரு அறைக்குத் தளபாடம் வைப்பார். ஒரு நாள் புத்தக அலுமாரி. இன்னொரு நாள் கடல் நிறத்தில் திரைச்சீலை. மாணவன் உட்கார ஒரு மெத்தைக் கதிரை. அழுகிறவனுக்கு எட்டும்படி கடதாசிக் கைக்குட்டைப் பெட்டி. ஜன்னலை எந்தப் பக்கம் வைப்பதென்று முடிவாவதற்குள் பின்னால் நிற்பவர்கள் ஹோர்ன் அடித்துவிடுவார்கள். பஸ் ஓட்டுநரான கணவர் இந்திரகுமார் அதே வழியில் ஓடுகிறவர். "பச்சை விழுந்தும் ஒரு வெள்ளைக் கார் தவமிருந்தது. பின்னால என்ர பஸ். ஹோர்ன் அடிச்சால் வீட்டில சோறு கிடையாதெண்டு பேசாமல் நிண்டனான்" என்று சாப்பாட்டு மேசையில் முறைப்பாடு வைப்பார்.

இத்தகைய கனவுக்காரரைச் சங்கக் கிளைக்குப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அன்றைய கூட்டத்தில் மறுக்க வேண்டிய நேரத்தில் அவர் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார் என்பதுதான். ஆனால் ஏற்றுக்கொண்டதை அவர் விடவில்லை. திருத்தும் நேரத்துக்குச் சம்பளம், தொடர்ந்து கற்பிப்பவர்களுக்கு நிரந்தர வேலை. கேட்டது இந்த இரண்டும்தான். நிர்வாகம் இழுத்தடித்தது. வேலைநிறுத்த வாக்கெடுப்புக்குப் போவதென்றால் முதலில் கிளை கூடித் தீர்மானம் போட வேண்டும். தீர்மானம் செல்வதற்கு உறுப்பினரில் பாதிப்பேராவது ஓரிடத்தில் கூடியிருக்க வேண்டும், அதாவது 'கோரம்' வேண்டும் என்பது சங்க விதி. அங்கேதான் சிக்கல். மணிக்கூலிக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நேரத்தில் வகுப்பு. வகுப்பு முடிந்த கையோடு ரயில் பிடித்து இன்னொரு கல்லூரிக்கு ஓடுவார்கள். அறை கிடைக்காததால் கூட்டம் கல்லூரி முன்னால், மஞ்சள் பூப் பூக்கும் வாட்டில் மரத்தடிப் புல்வெளியில்தான் நடக்கும். குப்பைத்தொட்டி கிளறும் வெள்ளைக் கொக்குகள் தவறாமல் வரும், உறுப்பினர் ஐந்தாறு பேர் வருவார்கள்.

"அக்கா, நம்ம மெம்பர்ஸ் எல்லாரும் ஒண்ணா சேரணும்னா யாராவது செத்தாத்தான் உண்டு" என்றார் சேகர் ஒருமுறை.

"சீ, உந்த வாயைக் கழுவும் தம்பி. அதுக்கும் வரமாட்டினம். வகுப்பு இருக்கும்."

அங்கே குளிர்காலமான போன ஆடி மாதத்தில் துறைத்தலைவி ஹெலன் அவரைக் கூப்பிட்டார். நிரந்தரப் பதவி ஒன்று உருவாகிறது, அதை செல்வமலருக்குத் தர விரும்புகிறோம் என்றார். ஒருங்கிணைப்பாளர் பதவி. தனி அறை உண்டு. மணிக்கூலி விரிவுரையாளர் யாருக்கு எத்தனை மணித்தியாலம் என்று பங்கிட வேண்டியது அவருடைய பொறுப்பு. அடுத்த ஆண்டு மணித்தியாலங்களைச் சற்றுக் குறைக்க வேண்டியிருக்கும். எல்லோரையும் தெரிந்த நீங்கள் அதைச் செய்தால் மென்மையாகச் செய்வீர்கள் என்று புன்னகைத்தார். சங்கப் பொறுப்பை மட்டும் விட வேண்டியிருக்கும்.

அறை என்ற சொல்லுக்குப் பிறகு மற்றவை செல்வமலரின் காதில் தூரத்து மழைபோல் கேட்டன. சம்மதம்தான், ஆனால் இந்த மாதம் வேண்டாம், ஆவணி பிறந்த பிறகு அறைக்கு வருகிறேன் என்றார். ஆடியில் புது இடம் புகுவதில்லை என்பதை விளக்க அவருக்குக் கூச்சம். பேரம் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்ட ஹெலன், முதலில் காட்டிய ஜன்னலில்லாத அறையை விட்டுவிட்டு, ஆற்றைப் பார்த்த மூலை அறையைக் கொடுத்தார்.

"யோசிச்சுப் பாரும். மற்றவையின்ர நேரத்தை வெட்டிற ஆளா நீரே வந்திடுவீர்" என்றார் இந்திரகுமார்.

"ஆரோ வெட்டத்தானே போயினம்? நானெண்டால் ஆளாளின்ர நிலைமை தெரிஞ்சு செய்வன்."

இந்திரகுமார் கலண்டரைப் பார்த்து நல்ல நாள் ஒன்றைக் குறித்துக் கொடுத்தார். அந்த நாளில்தான் மத்தியானம் கிளைக் கூட்டமும் இருந்தது. இந்தக் கூட்டமும் ஆளில்லாமல் கலையத்தான் போகிறது, அப்போது பொறுப்பை விட்டுவிடலாம் என்று செல்வமலர் நினைத்தார். சேகரிடம்கூட எதையும் சொல்லவில்லை.

அன்று முற்பகல், கட்டடமெங்கும் வகுப்புகள் நிறைந்திருந்த வேளையில், அவர் அந்த மூலை அறைக்குப் போனார். சப்பாத்தைக் கழற்றிக் கதவருகே வைத்தார். வெறும் மேசையில் முருகன் படம், சின்ன மின் அடுப்பு, புதுச் சட்டி, பால். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தினார். பால் பொங்கட்டும் என்று ஜன்னலடிக்குப் போனார்.

ஆறு கீழே தங்கத் தகடுபோல் கிடந்தது. ஒரு படகு வந்துகொண்டிருந்தது. வருகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாத வேகத்தில். திரைச்சீலை வேண்டாம், இதை மறைக்கக்கூடாது என்று தோன்றியது. கதிரையை இந்தப் பக்கம் போட்டால் மாணவன் பேசிக்கொண்டே தண்ணீரைப் பார்க்கலாம். படகு கரையைத் தொட்டது, ஆட்கள் இறங்கினார்கள், இன்னும் சிலர் ஏறினார்கள். அது திரும்பவும் கிளம்பியபோதுதான் அறையில் கருகல் மணம் நிறைந்திருப்பது அவருக்கு உறைத்தது. பால் பொங்கி வழிந்து, அடுப்பில் தீய்ந்து, புகையாகிக் கூரையிலிருந்த, புகை உணரும் வெள்ளை வில்லையை எட்டியிருந்தது. அடுப்பின் இணைப்பைப் பிடுங்குவதற்குள் கட்டடம் முழுவதும் அலறத் தொடங்கியது.

மாடிப்படிகளில் ஆயிரம் காலடிகள். செல்வமலர் அந்த வெள்ளத்தோடு வெறுங்காலுடன் இறங்கினார். எல்லோரையும் கொண்டுவந்து நிறுத்தியது வாட்டில் மரத்தடிப் புல்வெளியில். தீயணைப்பு வண்டி வந்தது. வீரர்கள் பார்த்து முடிக்கும்வரை யாரும் அசையக்கூடாது என்றார்கள்.

ஹெலன் தேடிக்கொண்டு வந்தார். உங்கள் அறையிலிருந்துதான் புகை என்கிறார்களே, என்ன நடந்தது என்று கேட்டார்.

பால் காய்ச்சினேன் என்றார் செல்வமலர்.

தேநீர்க்கூடத்தில் மைக்ரோவேவ் இருக்கிறதே என்றார் ஹெலன், உண்மையாகவே குழம்பி.

பக்கத்தில் நின்ற சேகர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பால் காய்ச்சினீங்களா? எந்தப் புது வீட்டுக்குக்கா?" கேட்டு முடிக்கும்போதே சிரிப்பு அவர் முகத்திலிருந்து போய்விட்டது. "உங்கள் அறைன்னு சொல்றாங்க. எந்த அறை?"

செல்வமலர் சொன்னார். பதவி, அறை, மணித்தியாலப் பங்கீடு, எல்லாவற்றையும். குரல் தாழ்த்தாமல் சொன்னதால் சுற்றி நின்றவர்களுக்கும் கேட்டது. மிருணாளினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். இரசாயன ஆய்வுகூட வகுப்பு எடுப்பவள். வெள்ளை மேலங்கியோடு அப்படியே இறங்கி வந்திருந்தாள். மூன்று கல்லூரிகளில் ஓடி ஓடிக் கற்பிக்கிறவள்.

"அறையோட சேர்த்து எங்கட மணித்தியாலங்களையும் தந்தவையோ, மலர் அன்ரி? வெட்டிறதுக்கு?"

"நானெண்டால் நோகாமல் வெட்டுவன் எண்டு நினைச்சனான் பிள்ளை."

"மயக்க மருந்தும் தருவியளோ?"

யாரோ சிரித்தார்கள். செல்வமலர் சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை. கால் விரல்களுக்கிடையில் புல்லின் ஈரம் ஏறிக்கொண்டிருந்தது. அவருடைய கண்கள் மிருணாளினியைத் தாண்டிப் போயின. எங்கோ போய்விட்டார் என்றுதான் சேகர் நினைத்தார். ஆனால் இந்த முறை அவர் பார்த்தது அங்கேயே இருந்தது. மஞ்சள் பூத்தூள் உதிரும் வெயிலில், கையில் பேனாவோடும் பாதி தின்ற பாணோடும், மேலங்கி போட்டும் போடாமலும், மணிக்கூலிக்காரர் எல்லோரும் நின்றார்கள். மின்னஞ்சல் முகவரியாக மட்டும் அவருக்குத் தெரிந்தவர்களுக்கு முகங்கள் இருந்தன. நீள மேசையில் ஒருவர் எழும்பிய சூட்டில் மற்றவர் உட்காரும் இரண்டு பேர், முதல்தடவையாக ஒருவரையொருவர் பெயர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சேகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய குரலில் இன்னும் கோபம் இருந்தது. "கூட்டத்துக்கு டைம் ஆச்சு. நீங்க நடத்துறீங்களா, இல்ல நான் நடத்தட்டுமா?"

"கோரம் இருக்கோ?"

"பாத்தாலே தெரியுதேக்கா. இவ்வளவு பேரு நம்ம ஆளுங்கன்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

"அப்ப நான் நடத்திறன்."

மரத்தடிச் சிமெந்து இருக்கையில் அவர் வெறுங்காலோடு ஏறினார். ஹெலன் தீயணைப்பு வண்டியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். செல்வமலர் மேடைப் பேச்சாளர் அல்ல. இரண்டு தடவை வாக்கியம் நடுவில் நின்றது. ஆனால் நின்ற இடத்திலிருந்தே மீண்டும் தொடங்கினார். எனக்கு ஒரு அறை தந்தார்கள், அழகான அறை, இன்றைக்குப் பின்னேரம் கையெழுத்துப் போட இருந்தேன் என்றார். போடப் போவதில்லை என்றார். பிறகு தீர்மானத்தை முன்மொழிந்தார். சேகர் வழிமொழிந்தார். ஆதரிப்பவர்கள் கை உயர்த்துங்கள் என்றபோது, ஆய்வுகூடக் கையுறையைக் கழற்ற நேரமில்லாமல் நீலக் கையொன்று முதலில் உயர்ந்தது. அது மிருணாளினியுடையது. பிறகு புல்வெளி முழுவதும் கைகள்.

இருக்கையிலிருந்து இறங்கி நேரே ஹெலனிடம் போனார். அறைக்கு நன்றி சொன்னார். அலாரம் அடிக்க வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டார். ஹெலன், அடுத்த பருவத்தைப் பற்றி என்னால் எந்த உறுதியும் தர முடியாது என்பது உங்களுக்குத் தெரியும்தானே என்று மெதுவாகக் கேட்டார். தெரியும் என்றார் செல்வமலர். அந்தப் பருவத்துக்கான மின்னஞ்சல்கள் இதுவரை போகத் தொடங்கவில்லை.

தீயணைப்பு வீரர்கள் கட்டடத்தைத் திறந்துவிட்டார்கள். வகுப்பு இருந்தவர்களும் உடனே உள்ளே போகவில்லை. இரண்டு மூன்று பேராக வெயிலில் நின்று கதைத்தார்கள். உள்ளே போய் வந்த மிருணாளினி, ஒரு கையில் கருகிய சட்டியையும் மறுகையில் செல்வமலரின் கறுப்புச் சப்பாத்துகளையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"குளிருது அன்ரி. போடுங்கோ."

செல்வமலர் சப்பாத்துகளை வாங்கினார். போட்டுக்கொள்ளவில்லை. சிமெந்துப் பாதை முடிந்து புல் தொடங்கும் இடத்துக்குப் போய், குனிந்து, வீட்டு வாசலில் வைப்பதுபோல் இரண்டையும் சோடி சேர்த்து ஓரமாக வைத்தார். பிறகு வெறுங்காலோடு புல்லில் ஏறி அவர்களிடம் வந்தார்.